கார் அலாரத்தில் சைரனுக்கு முன் விட்டுவிட்டு ஒலிக்கும் எச்சரிக்கை பஸ்ஸர்: எப்படி இணைப்பது?

கொசப்பேட்டை வாசி (வேலூர்) கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். என்னிடம் 2008ஆம் ஆண்டு ஆல்டோ கார் ஒன்று உள்ளது. வீட்டில் கார் நிறுத்த இடம் இல்லாததால் இரவில் தெருவிலேயே, திண்ணையை ஒட்டி நிறுத்துகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் ரிமோட்டுடன் கூடிய அலாரம் பொருத்திக்கொண்டேன். கதவுப் பூட்டு, கதவு ஸ்விட்ச், போனட் ஸ்விட்ச் எல்லாம் இன்றுவரை குறையின்றி வேலை செய்கின்றன. தொல்லை தருவது இடியையும் அதிர்வையும் உணரும் ஷாக் சென்சார் ஒன்றுதான்.

தெருமுனையில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. நள்ளிரவுக்கு மேல் டிப்பர் லாரி வந்து ஜல்லியைக் கொட்டும்போது தரை அதிர்கிறது. உடனே கார் அலறத் தொடங்குகிறது. எஞ்சின் சூட்டுக்காகத் தெருநாய் ஒன்று போனட்டின் மேல் ஏறிப் படுக்கிறது. அது ஏறும்போதும் அலறுகிறது, இறங்கும்போதும் அலறுகிறது. ஒவ்வொரு முறையும் 30 நொடி. எதிர்வீட்டுப் பாட்டி இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பி மூன்று வாரம்தான் ஆகிறது. போன வியாழக்கிழமை இரவு இரண்டரை மணிக்குச் சைரன் ஒலித்தபோது அவர் திடுக்கிட்டு எழ முயன்று, கட்டில் கம்பியைப் பிடித்தபடியே விடியும்வரை உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் காலையில் அவருடைய மகள் இதை என்னிடம் கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அன்றிலிருந்து இரவில் அலாரம் போடாமல் வெறுமனே பூட்டிவிட்டு வருகிறேன். ஆனால் இரண்டு தெரு தள்ளி ஒரு வண்டியின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டதால், இதையும் நெடுநாள் தொடர முடியாது.

எனக்கு வேண்டியது இதுதான். வண்டியில் யாராவது, அல்லது ஏதாவது, முதல் முறை இடித்தால் சைரன் ஒலிக்கக் கூடாது; அதற்குப் பதிலாக ஒரு சிறிய பஸ்ஸர் விட்டுவிட்டு, பீப், பீப் என்று, பத்து நொடி அளவுக்கு மென்மையாக எச்சரிக்க வேண்டும். அந்தப் பத்து நொடிக்குள் மறுபடியும் இடி விழுந்தால் மட்டுமே சைரன் ஒலிக்க வேண்டும். கதவையோ போனட்டையோ திறந்தால் இப்போது இருப்பது போலவே எந்தத் தாமதமும் இல்லாமல் சைரன் ஒலிக்க வேண்டும்.

நான் பார்த்தவரை சென்சாரிலிருந்து மூன்று வயர்கள் அலாரப் பெட்டிக்குப் போகின்றன. ஒன்றில் எப்போதும் 12 வோல்ட் இருக்கிறது, ஒன்று எர்த், மூன்றாவதில் டிஜிட்டல் மீட்டரை வைத்துப் பார்த்தால் சும்மா இருக்கும்போது வோல்ட் காட்டுகிறது, சென்சாரைத் தட்டினால் ஒரு கணம் சுழியத்தை நோக்கி இறங்கி மீண்டும் ஏறுகிறது. பள்ளி நாட்களிலிருந்தே எனக்குச் சால்டரிங் பழக்கம் உண்டு. ஆனால் சர்க்யூட்டை நானே வடிவமைக்கும் அளவுக்குத் தேர்ச்சி இல்லை. வழிகாட்ட வேண்டுகிறேன்.

ராணிப்பேட்டை பட்டறை எழுதியது:

வணக்கம் ஐயா. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வண்டி வயரிங் வேலை செய்கிறேன். அலாரத்தைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை சென்சாரை வைத்த இடத்திலேயே தொடங்குகின்றன. ஆகையால் எதையும் அறுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். சென்சார் பெட்டியின் ஓரத்தில் அதன் உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் சிறிய திருகு ஒன்று இருக்கும்; அதைச் சிறிய ஸ்க்ரூடிரைவரால் கால் சுற்று மட்டும் குறைத்து, உள்ளங்கையால் கதவுத் தூணில் தட்டிப் பாருங்கள். அடுத்து, சென்சாரை ஸ்டியரிங் அடியில் வயர் கட்டோடு சேர்த்து டேக் போட்டுக் கட்டியிருக்கிறார்களா, இரும்புச் சட்டத்தில் திருகு போட்டு இறுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் சென்சார் லாரி அதிர்வையும் கை இடியையும் பிரித்தறியாது.

அதன் பிறகும் தொல்லை தொடர்ந்தால், இரண்டு நிலை ஷாக் சென்சார் என்று கேட்டுப் பாருங்கள். மெல்லிய இடிக்கு ஒரு வயரிலும், பலத்த இடிக்கு இன்னொரு வயரிலும் அது தனித்தனியாக சிக்னல் கொடுக்கும். உங்கள் அலாரப் பெட்டியில் அதற்கான நான்காவது பின் இருந்தால் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் விலை குறைந்த பெட்டிகளில் அந்தப் பின் இருப்பதில்லை. நீங்கள் மூன்று வயர் என்று சொல்வதால் உங்களுடையதும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் என் யோசனை இது. 12 வோல்ட் டைமர் ரிலே போர்டு (குறித்த நேரம் வரை ரிலே என்ற மின்சுவிட்சை இழுத்துப் பிடிக்கும் பலகை) எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கிறது. சென்சாரின் மூன்றாவது வயரை அலாரப் பெட்டிக்குப் போகும் வழியில் அறுத்து, அதைக் கொண்டு இந்த போர்டை இயக்குங்கள். போர்டு பத்து நொடி ரிலேயை இழுத்துப் பிடிக்கும். அந்த ரிலே ஒரு பக்கம், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒலிக்குமே, அந்த ரிவர்ஸ் பஸ்ஸருக்கு மின்சாரம் கொடுக்கட்டும். இன்னொரு பக்கம் அறுபட்ட சென்சார் வயரை மீண்டும் இணைக்கட்டும். பத்து நொடிக்குள் இரண்டாவது இடி விழுந்தால் அது நேராகப் பெட்டிக்குப் போய் சைரன் ஒலிக்கும். ரிவர்ஸ் பஸ்ஸரைப் பாட்டு இல்லாமல் வெறும் பீப் போடுவதாகப் பார்த்து வாங்கினால் விட்டுவிட்டு ஒலிப்பதற்குத் தனிச் சர்க்யூட் எதுவும் தேவையில்லை.

வண்டி ஓடும்போது குழியில் விழுந்தாலெல்லாம் பீப் போடக் கூடாது அல்லவா? அலாரம் போட்டிருக்கும்போது மட்டும் எர்த் கொடுக்கும் வயர் ஒன்று பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. அதை ஒரு ஹார்ன் ரிலேயின் 85இல் கொடுத்து, 86க்கு நிரந்தர 12 வோல்ட் கொடுத்து, 30, 87 வழியாக டைமர் போர்டுக்கு மின்சாரம் விடுங்கள். வயரின் நிறத்தை நம்பாதீர்கள். கடைக்குக் கடை மாறும். அலாரம் போட்டு ஒருமுறை, எடுத்து ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மஞ்சள் உறை போட்ட கனெக்டர் எதைக் கண்டாலும் கை வைக்காதீர்கள், அது ஏர்பேக்குடையது.

ஆர்க்காட்டு ஓட்டுநர் எழுதியது:

விட்டுவிட்டு ஒலிக்க வேண்டும் என்பதற்கு ஏன் இவ்வளவு சுற்று என்று புரியவில்லை. இண்டிகேட்டர் பிளாஷரை பஸ்ஸருக்கு முன்னால் தொடராக மாட்டினால் அதுவே டிக், டிக் என்று விட்டுவிட்டு மின்சாரம் கொடுக்குமே. பழைய அம்பாசிடர் பிளாஷர் ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

மின்னணு ஆசிரியர் (காட்பாடி) எழுதியது:

கேள்வி கேட்டவர் தமக்கு வேண்டியதை இவ்வளவு தெளிவாக வரையறுத்திருப்பதால் பதில் சொல்வதும் எளிதாகிறது. ராணிப்பேட்டை நண்பரின் யோசனையின் அடிப்படை சரியானது. சென்சார் வயரில் மட்டும் கை வைத்து, கதவு, போனட் வயர்களைத் தொடாமல் விட்டிருப்பது அதன் சிறப்பு. அதில் இரண்டு இடங்களை மட்டும் திருத்த வேண்டும்.

அதற்கு முன் ஓட்டுநர் நண்பர் சொன்ன பிளாஷர். பழைய வெப்ப வகை பிளாஷருக்குள் இருப்பது மின்னோட்டத்தால் சூடாகி வளையும் ஒரு தகடு. இரண்டு 21 வாட் பல்புகள் சேர்ந்து 3.5 ஆம்பியர் இழுக்கும்போதுதான் அது சூடாகி விலகும், ஆறிச் சேரும். சிறிய பஸ்ஸர் இழுப்பது சுமார் 20 மில்லிஆம்பியர். அந்த மின்னோட்டத்தில் தகடு அசையவே அசையாது. பஸ்ஸர் ஒன்று தொடர்ந்து ஒலிக்கும், அல்லது ஒலிக்காமலே இருக்கும். ஓட்டுநர் நண்பர் தர முன்வந்ததற்கு நன்றி, ஆனால் இந்த வேலைக்கு அது பயன்படாது.

இனி திருத்தங்கள். ஒன்று, முதல் இடியின் சிக்கல். ரிலே இழுபட எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ 10 மில்லிநொடி. சென்சார் கொடுக்கும் துடிப்போ அதைவிடப் பல மடங்கு நீளமானது. டிஜிட்டல் மீட்டரின் எண் இறங்குவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது என்பதே அதற்குச் சான்று. ஆகவே முதல் இடியிலேயே ரிலே இணைந்துவிடும், அந்த முதல் இடியின் மிச்சத் துடிப்பே இணைந்த தொடுமுனை வழியாக அலாரப் பெட்டிக்குப் போய்விடும், பஸ்ஸரும் சைரனும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். இதைத் தவிர்க்க, பஸ்ஸர் உடனே தொடங்க வேண்டும். ரிலே மட்டும் இரண்டு மூன்று நொடி கழித்து இணைய வேண்டும்.

இரண்டாவது, பேட்டரி. ஹார்ன் ரிலேயின் சுருள் சுமார் 85 ஓம்; 12 வோல்ட்டில் 140 மில்லிஆம்பியர் இழுக்கும். அலாரம் போட்டிருக்கும் நேரம் முழுவதும் அது இழுபட்டே இருந்தால் ஒரு நாளைக்கு 3.4 ஆம்பியர்-மணி போகும். உங்களுடையது 35 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் ஐந்தே நாளில் பாதி காலி. ஒரு வாரம் வெளியூர் போய்விட்டுத் திரும்பினால் வண்டியைத் தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

இனி என் வடிவமைப்பைச் சொல்கிறேன். எல்லோருக்கும் பழக்கமான 555 டைமர் சில்லு 1972இல் சந்தைக்கு வந்தது. இந்த வேலைக்கு இன்றும் அதைவிட எளிதான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் சாதாரண என்இ555 வேண்டாம். அது சும்மா இருக்கும்போதே 15 வோல்ட்டில் 10 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதே கால் (பின்) அமைப்பில் வரும், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிமாஸ் வகையான ஐசிஎம்7555 இரண்டு வாங்குங்கள். இரண்டும் சேர்ந்து அரை மில்லிஆம்பியரைக்கூடத் தொடாது. 18 வோல்ட் வரை தாங்கும் என்பதால் எஞ்சின் ஓடும்போது வரும் 14.4 வோல்ட்டும் அவற்றை வருத்தாது.

முதல் சில்லு பத்து நொடிக் காவலாளி. அதன் இரண்டாவது காலை, அதாவது டிரிக்கரை, 100 கிலோ ஓம் வழியாக நேர்மின்னுக்கு இழுத்துக் கட்டிவிட்டு, சென்சார் வயரை 10 கிலோ ஓம் தொடர் மின்தடை வழியாக அதே காலில் சேருங்கள். நேரத்தை நிர்ணயிக்க 100 கிலோ ஓம் மின்தடையும் 100 மைக்ரோபாரட் மின்தேக்கியும். நேரம் என்பது 1.1ஐ மின்தடையாலும் மின்தேக்கத்தாலும் பெருக்கினால் கிடைப்பது. இங்கே 11 நொடி.

இரண்டாவது சில்லுதான் விட்டுவிட்டு ஒலிக்கச் செய்வது. 10 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோபாரட் போட்டால் 0.54 நொடி ஒலி, 0.47 நொடி அமைதி என்று மாறி மாறி வரும். உங்கள் காதுக்கு அது வேகமாகத் தோன்றினால் 68ஐ 100 ஆக்கிக்கொள்ளுங்கள். இந்தச் சில்லின் நான்காவது காலை, அதாவது ரீசெட்டை, முதல் சில்லின் மூன்றாவது காலோடு இணைத்துவிட்டால் காவலாளி விழித்திருக்கும் 11 நொடி மட்டுமே இது துடிக்கும். இதன் வெளியீடு 4.7 கிலோ ஓம் வழியாக பிசி547 டிரான்சிஸ்டரை இயக்க, டிரான்சிஸ்டர் பஸ்ஸரை இயக்கும். சிமாஸ் சில்லால் நேர்மின்னைத் தாராளமாகக் கொடுக்க முடியாது. அதனால் பஸ்ஸரை நேராகக் காலில் தொங்கவிட வேண்டாம். ரிவர்ஸ் பஸ்ஸருக்குப் பதில், உள்ளேயே அலையியற்றி கொண்ட 12 வோல்ட் பீசோ பஸ்ஸர் வாங்குங்கள். ரிவர்ஸ் பஸ்ஸர் தெருவுக்கே கேட்கும். உங்கள் எதிர்வீட்டுப் பாட்டிக்காகத்தான் நாம் இதையெல்லாம் செய்கிறோம்.

தாமத ரிலேவுக்கு, முதல் சில்லின் வெளியீட்டிலிருந்து 220 கிலோ ஓம் வழியாக 47 மைக்ரோபாரட் மின்தேக்கியை நிரப்பி, அந்த மின்னழுத்தத்தை 2என்7000 மாஸ்ஃபெட்டின் கேட்டில் கொடுங்கள். இரண்டு, மூன்று நொடியில் அது மின்சாரத்தை விடத் தொடங்கி ரிலேயை இழுக்கும். சர்க்கரைக் கட்டி அளவில் வரும், 400 ஓம் சுருள் கொண்ட சிறிய ரிலே போதும்; 30 மில்லிஆம்பியர்தான் இழுக்கும், அதுவும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும். மறக்கக் கூடாத ஒரு டயோடு இங்கே உண்டு. 220 கிலோ ஓமுக்குக் குறுக்கே 1என்4148 ஒன்றை, கோடு போட்ட முனை சில்லின் பக்கம் இருக்குமாறு வையுங்கள். அது இல்லாவிட்டால் பீப் நின்ற பிறகும் மின்தேக்கி மெதுவாக வடிந்து, ரிலே மேலும் பத்துப் பன்னிரண்டு நொடி இணைந்தே இருக்கும். பஸ்ஸர் அமைதியாகிவிட்டது என்று நாய் இறங்கும்போது சைரன் அலறும். ரிலே சுருளுக்குக் குறுக்கே வழக்கமான 1என்4007 தலைகீழாக இருக்கட்டும்.

நிரந்தர 12 வோல்ட்டை எடுக்கும் இடத்திலேயே 1 ஆம்பியர் பியூஸ் போடுங்கள். அதன் பின் 1என்4007 ஒன்று. பஸ்ஸருக்கும் ரிலேவுக்கும் அங்கிருந்தே பிரித்துக் கொடுங்கள். சில்லுகளுக்கு மட்டும் மேலும் ஒரு 100 ஓம், 15 வோல்ட் ஜீனர், 100 மைக்ரோபாரட் ஆகியவற்றைத் தாண்டி மின்சாரம் போகட்டும். வண்டி மின்சாரம் சுவர் மின்சாரத்தைப் போல ஒழுங்கானதல்ல. பேட்டரி இணைப்பு தளர்ந்தால் ஆல்டர்னேட்டரிலிருந்து பாயும் திடீர் உயர்மின்னழுத்தம் சில்லைக் கொன்றுவிடும். அலாரம் போட்டிருக்கும்போது எர்த் கொடுக்கும் வயரையே முழு போர்டுக்கும் எர்த்தாகக் கொடுத்துவிட்டால் ஹார்ன் ரிலே தேவையில்லை. எல்லாம் சேர்ந்தாலும் 60 மில்லிஆம்பியரைத் தாண்டாது. உங்கள் பெட்டியின் அந்த வயர் அவ்வளவு தாங்குமா என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை பட்டறை எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னது சரி. முதல் இடியின் துடிப்பு ரிலே வழியாகப் புகுந்துவிடும் என்பது எனக்குத் தோன்றவில்லை. போர்டு செய்து பார்த்திருந்தால் அப்போதுதான் புரிந்திருக்கும். ஹார்ன் ரிலேயை விட்டுவிடுங்கள்.

குடியாத்தத்துக்காரி எழுதியது:

நான் மின்னணுப் பலகைகளைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள். சர்க்யூட்டைப் பற்றிச் சொல்ல எதுவும் மீதமில்லை. அதை எங்கே வைப்பது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நம் பக்கத்தில் கத்திரி வெயில் நாட்களில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு மேற்பரப்பு 70 டிகிரியைத் தொடுவது அரிதல்ல. சாதாரண என்இ555க்கு வரையறுக்கப்பட்ட உச்ச வெப்பநிலையே 70 டிகிரிதான். ஐசிஎம்7555 வாங்கும்போதும் 85 டிகிரி வரை தாங்கும் தொழிற்சாலைத் தரத்தைக் கேட்டு வாங்குங்கள். மின்தேக்கிகளின் மேல் 85 என்றும் 105 என்றும் அச்சிட்டிருப்பார்கள். 105 என்று இருப்பதையே எடுங்கள். நேரத்தை நிர்ணயிக்கும் அந்த 100 மைக்ரோபாரட் சூட்டில் உலர்ந்து போனால் உங்கள் 11 நொடி மெல்ல மெல்ல 6 நொடியாகும். அப்போது ஏன் என்று புரியாமல் மற்ற எல்லாவற்றையும் சந்தேகிப்பீர்கள். போர்டை டேஷ்போர்டின் அடியில், ஓட்டுநர் கால் பக்கம், காற்றுக் குழாயிலிருந்து நீர் சொட்டாத இடத்தில் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வரம்பு 45 டெசிபெல், பகலில் 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். வேலூரில் சிஎம்சி மருத்துவமனை இருக்கும் ஐடா ஸ்கடர் சாலைப் பக்கம் நோயாளிகளோடு வந்து விடுதிகளில் தங்குகிறவர்களின் கார்கள் விடிய விடிய மாறி மாறி அலறுவதை, என் தந்தையின் சிகிச்சைக்காக அங்கே தங்கியிருந்த பதினோரு இரவும் கேட்டேன். முதல் இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து பார்த்தோம். மூன்றாம் நாளிலிருந்து யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உண்மையாகவே ஒரு வண்டியை உடைத்திருந்தாலும் அந்தத் தெருவில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். நீங்கள் செய்யப்போவது பாட்டிக்கு மட்டுமல்ல, உங்கள் சைரனுக்கும் நல்லது.

கொசப்பேட்டை வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ராணிப்பேட்டை அண்ணன் சொன்னது போலவே, சென்சார் வயர் கட்டோடு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இரும்புச் சட்டத்தில் திருகு போட்டு இறுக்கி, சென்சாரின் உணர்திறன் திருகைக் கால் சுற்றுக் குறைத்ததில் லாரிக்கு ஒலிப்பது பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது. நாய்க்கு மட்டும் குறையவில்லை. ஆகவே பாகங்கள் வாங்கி, துளையிட்ட பலகையில் போர்டைச் செய்துவிட்டேன். மேசையில் 12 வோல்ட் அடாப்டரில் எல்லாம் சரியாக இருக்கிறது. வண்டியில் மாட்டியதும் ஒரு சிக்கல்: ரிமோட்டை அழுத்தி அலாரம் போட்ட உடனேயே, யாரும் தொடாமலே, 11 நொடி பீப் ஒலிக்கிறது. ஏன் என்று சொல்ல முடியுமா? மேலும், இதையெல்லாம் நிரல் எழுதி இயக்கும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சில்லில் செய்திருந்தால் சுருக்கமாக முடிந்திருக்குமோ என்றும் நண்பர் ஒருவர் கேட்கிறார்.

மின்னணு ஆசிரியர் (காட்பாடி) எழுதியது:

மின்சாரம் வந்த கணத்தில் முதல் சில்லு தானாகவே விழித்துக்கொள்கிறது. 555 குடும்பத்துக்கே உரிய பழக்கம் இது. அதன் நான்காவது காலை நேராக நேர்மின்னில் கட்டியிருப்பீர்கள். அதை விடுவித்து, 100 கிலோ ஓம் வழியாக நேர்மின்னுக்கும், 47 மைக்ரோபாரட் வழியாக எர்த்துக்கும் கட்டுங்கள். தொடக்கத்தில் கால் நொடி அளவுக்கு அந்தக் கால் தாழ்ந்தே இருப்பதால் சில்லு அமைதியாக எழும்.

மைக்ரோகன்ட்ரோலரிலும் செய்யலாம், பாகங்கள் குறையும். ஆனால் அதற்கு 5 வோல்ட் வேண்டும். கைக்கு எளிதாகக் கிடைக்கும் 7805 ரெகுலேட்டர் எதையும் இயக்காமல் சும்மா இருக்கும்போதே 5 மில்லிஆம்பியர் அளவுக்குத் தின்றுவிடும். தெருவில் நிற்கும் வண்டிக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. பத்து ஆண்டு கழித்து வேறொருவர் பழுது பார்க்க வந்தாலும் 555ஐக் கண்டதும் புரிந்துகொள்வார்.

கொசப்பேட்டை வாசி எழுதியது:

நான்காவது காலைத் திருத்தியதும் அந்தப் பீப் நின்றுவிட்டது. ஆனால் அடுத்து வந்ததுதான் என்னை மூன்று மாலை உட்கார வைத்தது. பின்னால் படிப்பவருக்குப் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

போனட்டில் ஒரே ஒருமுறை தட்டுவேன். பீப், பீப், பீப் என்று மூன்று முறை ஒலிக்கும். நான்காவது பீப்புக்கு முன் சைரன் அலறும். ரிலே தொடுமுனை ஒட்டிக்கொண்டதோ என்று மாற்றினேன். தாமத மின்தேக்கியை இரண்டு மடங்கு ஆக்கினேன். அப்போது ஐந்து பீப்புக்குப் பிறகு சைரன் வந்தது. அதாவது ரிலே இணைவதற்காகவே எதுவோ காத்திருந்தது போல, இணைந்த கணத்தில் இரண்டாவது இடி விழுந்துகொண்டிருந்தது. சைரனின் வயரைக் கழற்றிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு டேஷ்போர்டின் அடியில் தலையை விட்டு, சென்சார் இறுக்கிய இரும்புச் சட்டத்தின் மேல் விரல் நுனியை வைத்தேன். ஒவ்வொரு பீப்புக்கும் சட்டம் எறும்பு ஊர்வது போல நடுங்கியது. இடம் வசதியாக இருந்ததால் பஸ்ஸரையும் அதே சட்டத்தில், சென்சாருக்கு ஒரு சாண் தள்ளித் திருகியிருந்தேன். பஸ்ஸரின் நடுக்கத்தையே சென்சார் இடி என்று எடுத்துக்கொண்டிருந்தது.

பஸ்ஸரைக் கழற்றி, முன் கிரில்லுக்குப் பின்னால், ஹாரனுக்கு மேலே, சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு மடிப்பாக அடியில் வைத்துக் கட்டிவிட்டேன். வாய்ப்பக்கம் தரையைப் பார்க்கிறது, மழைநீர் தேங்காது. எஞ்சின் அறையைப் பிரிக்கும் தகடான பயர்வால் வழியாக வயரைக் கொண்டுபோகப் புதிதாகத் துளை போடவில்லை. ஏற்கெனவே வயர்கள் போகும் ரப்பர் குரோமெட்டிலேயே இடம் இருந்தது. வீட்டு வாசலில் நின்றால் ஒலி தெளிவாகக் கேட்கிறது. எதிர்வீட்டுத் திண்ணையில் நின்றால் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

அலாரம் போட்ட நிலையில் போர்டுக்குப் போகும் மின்னோட்டத்தை அளந்தேன், 1.4 மில்லிஆம்பியர். அலாரப் பெட்டியும் மற்றவையும் சேர்ந்து 22. ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணிக்குச் சற்று அதிகம். போர்டால் பேட்டரிக்கு ஒரு சுமையும் இல்லை.

நேற்றோடு ஒன்பது இரவுகள் ஆகின்றன. நான் எழுதி வைத்த கணக்கின்படி பஸ்ஸர் பதினான்கு முறை ஒலித்திருக்கிறது, சைரன் ஒருமுறை. அந்த ஒருமுறை நாய் முதல் பீப்பில் எழுந்து நின்று, சுற்றிப் பார்த்து, மறுபடியும் படுத்திருக்க வேண்டும். இப்போது அது போனட் பக்கம் வருவதில்லை, திண்ணைக்குக் கீழே சாக்கு விரித்து வைத்திருக்கிறேன், அங்கே படுக்கிறது. பாட்டியின் மகளிடம் போய், இரவில் சைரன் கேட்டதா என்று விசாரித்தேன். ஒருநாள் கேட்டது, அம்மா விழிக்கவில்லை என்றார்.

ராணிப்பேட்டை பட்டறை எழுதியது:

மிக்க மகிழ்ச்சி ஐயா. சைக்கிள் டியூப் எஞ்சின் சூட்டில் ஓராண்டில் வெடித்துவிடும். அடுத்த முறை வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போது சைலன்சர் தொங்கவிடும் ரப்பர் வளையம் ஒன்று கேட்டு வாங்கி, அதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அது சூடு தாங்கும். அறுத்த சென்சார் வயரின் இரண்டு முனைகளிலும் ஒரே நிறத்தில் டேப் சுற்றி, எந்த முனை பெட்டிப் பக்கம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டு வையுங்கள். நாளை வேறு யாராவது அந்த வண்டியின் அடியில் தலையை விட நேரலாம்.